இருபதாவது கையொப்பம்

நீலக் கோப்பில் பத்தொன்பது பேர்.
இருபது வேண்டும்.
ஒவ்வொருவரும் மூன்று வகுப்பு முடித்து
கையொப்பமும் தேதியும் இட்டு,
"புரிந்தது" என்ற கட்டத்தில்
ஒரு சரிக்குறி போட்டிருக்க வேண்டும்.

இருபதாமவர் பக்கிரிசாமி
இரண்டோடு நின்றுவிட்டார்.
அங்கீகாரம் பெறாத பயிற்சிக்குப் பணமில்லை என்று
காப்புறுதி நிறுவனம் ரசீதைத் திருப்பிவிட்டது.
பணமில்லை என்றதும் அவர் வரவில்லை.
அவர் வராமல் அங்கீகாரம் வராது.
மேலாளரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார்.
பிறகு சிரிக்கவில்லை.

புக்கிட் பாத்தோக் கிளினிக்கைப் பூட்டி
பையில் நைலான் இழையும் படிவமுமாக
இரண்டு பேருந்து மாறி
அவர் காவல் இருக்கும் கொண்டோ வாசலுக்குப் போனேன்.
மழை. கண்ணாடிக் கூண்டு.
ஆணியில் தொங்கியது கட்டிவாங்கிய கோப்பி.
"கோசோங்தான் சிஸ்டர்,"
நான் கேட்கவே இல்லை.
பிளாஸ்டிக் பையின் மூலையில்
கரையாமல் கிடந்தது சீனி.

காலுறையைக் கழற்றி, கண்ணை மூடி,
இழை படும்போது சொல்லுங்கள் என்றேன்.
"தெரியுது."
"இன்னும் தொடவே இல்லையே."
அதன்பிறகுதான் உண்மையில் மூடினார்.

பத்து இடம். ஆறில் மௌனம்.
நடுவில் ஹாரன்.
ஒற்றைக் காலுறையோடு எழுந்துபோய்
தடுப்புக்கட்டையை உயர்த்தி
ஈரத்தில் நின்று சலாம் வைத்துத் திரும்பினார்.

சுண்டுவிரல் இடுக்கில்
சிவந்த குழிக்குள் ஒரு கல்.
மிளகை விடச் சிறியது.
எடுத்து என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தார்.
"இதுவா? என் கால்லயா இருந்திச்சு?"

மூன்றாம் வகுப்பு: பாத பராமரிப்பு.
நாற்பது நிமிடம், அதில் பதினொரு கார்.
இடம் என்ற கோட்டில் அறை எண் கேட்டிருந்தது.
காவல் கூண்டு என்று எழுதினேன்.
கையொப்பமிட்டார்.
"புரிந்தது" கட்டத்துக்கு மேல் பேனா தயங்கியது.
"ஒரு வாரம் பாத்துட்டுப் போடறேன் சிஸ்டர்."

செவ்வாய்க்கிழமை
தணிக்கைக்கு வந்த திருவாட்டி இயோ
பக்கம் பக்கமாக விரல் ஓட்டிவந்து
அந்தக் காலிக் கட்டத்தில் நிறுத்தினார்.
"மற்ற பத்தொன்பது பேருக்கும் புரிந்திருக்கிறதே."

மேசை இழுப்பறையில்
குண்டூசிகளோடு அந்தக் கல் கிடக்கிறது.
கைப்பிடியில் என் விரல்.