காரணம் எழுத வேண்டாம்

முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன்:
கோடு ஏறினால் ஏறியது என்று எழுது,
இறங்கினால் இறங்கியது.
ஏன் என்று எழுதாதே. அதை யாரும் கேட்கவில்லை.
நூற்றைம்பது சொல், இருபது நிமிஷம்.

ஹட்டனில், ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி.
கீழே தகரம் வெட்டி முடியும்வரை காத்திருந்து
பலகையில் பிரித்துப் போடுவேன்:
சடாரென்று. மெல்ல மெல்ல. ஓரளவு. கணிசமாக.
ஏற்ற இறக்கத்துடன்.
"கினிகத்தேனைப் பாதை மாதிரியா சேர்?" என்றான் ரிஸ்வி.
மாதிரி எல்லாம் வேண்டாம், என்றேன்.

இந்தக் கிழமை கொடுத்தது நானே வரைந்த வரைபு.
நாலு நாடு, தேயிலை, பத்து வருஷம்.
நம்முடையது புள்ளிக்கோடு;
கலர் மை வாங்கக் காசில்லை, வேறு அர்த்தமில்லை.

முப்பத்தொரு தாள்.
மஸ்கெலியா பஸ்ஸில் மடியில் வைத்துத் திருத்துகிறேன்.
நோர்வூட் தாண்டியதும் ஒரு பள்ளம்:
யாருடையதோ விடையில் சிவப்பாக
ஒரு சரிவும் ஒரு சிகரமும் தானாக விழுந்தன.
பெரும்பாலும் ஒரே தாள்தான்,
முப்பது கையெழுத்தில்.

டிலோஜினி மட்டும் மூன்றாம் பந்தியில் வேலி தாண்டியிருக்கிறாள்.
"அந்த வருஷம் கோடு செங்குத்தாக விழுந்தது.
உரம் வரவில்லை.
எங்கள் மலையில் பதினெட்டுக் கிலோ எடுத்தவர்கள்
பதினொன்று எடுத்தார்கள்."
பிறகு, கேளாமலே, அடிமட்டம் வைத்துக் கீறி
ஓர் அட்டவணை:
நாள். நிறுத்த கிலோ. எழுதிய கிலோ.
திங்கள் பதினேழு, பதினைந்து.
செவ்வாய் பத்தொன்பது, பதினேழு.
புதன், மழை, இருபத்தொன்று, பதினேழு.
கீழே ஒரே ஒரு வசனம்:
"இரண்டு நிரலுக்கும் நடுவே உள்ள இடைவெளி
பொதுவாக மாறாமல் இருந்தது;
மழை நாளில் சற்று அதிகரித்தது."

இலக்கணப் பிழை இல்லை.
'சற்று' இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது.
நான் படிப்பித்ததுதான் எல்லாம்.
அந்த மழை மட்டும்
தரவா, காரணமா என்று தெரியவில்லை.
ஜன்னல் கண்ணாடியிலும் அதே மழை.

விதி விதிதான். தேவையற்ற தகவல்:
அரைப் புள்ளி வெட்டினேன்.
வெட்டிய கை அப்படியே நின்றது.

நிறை குறைந்தால் அரைப் பேர் போடுவார்கள் எங்கள் தோட்டத்தில்.
நாள் முழுக்க மலையில் நின்றாலும்
செக்ரோலில் பாதி ஆள்.
என் அம்மா கனகமணி.
எத்தனையோ மாதம் கனகம் மட்டும்தான் சம்பளம் வாங்கினாள்.
மணி எங்கே என்று
அந்த அட்டவணையில் ஒரு நிரல் இருந்ததில்லை.

ஆனாலும் வெட்டியதைத் திருப்பி எழுதவில்லை.
அவளுக்கு ஆறரை வேண்டும்.
வயசாளிகளைப் பராமரிக்கிற வேலை, தூர தேசம்,
ஏஜென்சிக்காரனுக்குப் பாதிப் பணம் கட்டியாயிற்று.
அங்கே திருத்துகிறவர்
தராசுக்கும் பேனாவுக்கும் நடுவே
இரண்டு கிலோ எங்கே போயிற்று என்று கேட்கமாட்டார்.
பதினோராவது சொல்லிலேயே
அடுத்த தாளை எடுத்துவிடுவார்.

தாளைக் கட்டில் சேர்க்காமல்
நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.
கண்டக்டர் டிக்கெட்டா என்று பார்த்துவிட்டுப் போனார்.

இன்னும் பன்னிரண்டு இருக்கிறது.
அடுத்தது ரிஸ்வி:
"மொத்தத்தில் நோக்கினால்,
நான்கு கோடுகளும் தத்தம் வழியே சென்றன."

சரி.
முழுப் புள்ளி.