பின்சக்கரம் மதுரையில்

பள்ளிக்கூட வேனாக இருந்த காலத்து மஞ்சள்
நாங்கள் பூசிய வெள்ளைக்கு அடியிலிருந்து
வெயில் ஏற ஏறத் தெரியவருகிறது.
பின்சீட்டுகளைப் பெயர்த்து மெத்தை போட்டோம்.
டிரைவர் முதுகுக்குப் பின்னால் ஒற்றை அடுப்பு,
ஐந்து கிலோ சிலிண்டர்,
நாற்பது லிட்டர் கேன். குழாய் கொஞ்சம் ஒழுகும்.
ஜன்னல் தகட்டில் எந்தப் பிள்ளையோ
காம்பஸ் முனையால் கீறிய ‘மிதுனா’
எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.
வண்டிக்கு அதையே பெயராக விட்டுவிட்டோம்.

பதினோரு வருடம்
நாற்கரச் சாலைச் சுங்கச்சாவடியில்
நான்காம் தடத்தில் உட்கார்ந்திருந்தேன்.
கட்டை மேலே போகும். கீழே வரும்.
எல்லோரும் எங்கோ போனார்கள்.
ராமேஸ்வரத்து மணலை மிதியடியோடு
என் கூண்டோரம் உதறிவிட்டுப் போனார்கள்.
மடியில் தூங்கும் பிள்ளையைக் காட்டி
மெதுவா என்று உதட்டில் விரல் வைத்தாள் ஒருத்தி;
கட்டையிடமா சொன்னாள், என்னிடமா?
பிறகு கண்ணாடியில் ஒட்டிய வில்லையே காசு கொடுத்தது.
கட்டைக்கு நான் வேண்டியிருக்கவில்லை.

இன்று அந்தச் சாலையை விட்டு இறங்கி
கள்ளிக்குடிக்குத் தெற்கே கரிசலுக்குள் போகிறோம்.
செல்வின் ஓட்டுகிறான்.
மாசிக்கே வெடித்துவிட்ட நிலம்;
வெடிப்புக்குள் டார்ச் அடித்தேன்,
வெளிச்சம் திரும்பி வரவில்லை.
வேலிக்கருவை, அதற்கப்பால் வேலிக்கருவை,
நடுவில் பருத்திமார் எரித்த கறுப்பு.
கரிசலில் கறுப்பு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.
தெரிகிறது.
டிரான்ஸ்பார்மர் மேல் ஒரு மயில்,
இறங்க இடம் யோசிப்பது போல.

பம்புசெட்டில் பிடித்த தண்ணீரில் பால் திரிந்தது.
கிடை மறித்திருந்த சங்கையா சிரித்தார்:
‘ஒங்களுக்கு ரெண்டு வாய்.
எனக்கு நூத்திருவது. அதுக குடிக்குதுகளே.’
ஆடுகள் குடித்தன.
திரிந்ததில் சர்க்கரை போட்டு நாங்களும் குடித்தோம்.

ராத்திரிக்கு எல்லைப் பலகையின் கீழே நிறுத்தினோம்,
வேறு வெளிச்சமில்லாத காட்டில்
அது ஒன்றுதான் மினுங்கியது.
முன்சக்கரம் விருதுநகர் மாவட்டம்.
பின்சக்கரம் மதுரை.
சோறு அங்கே வெந்தது,
இங்கே தின்றோம்.

பதினொன்றரைக்குக் கண்ணாடியில் லத்தி தட்டியது.
‘எந்தூரு?’
‘மதுரதேன்.’
‘மதுரயில எங்கன?’
செல்வின் என்னைப் பார்த்தான்.
ஆனையூர்க் கதவெண் நாக்கு வரை வந்து நின்றது.
பங்குனியில் அந்தக் கதவில் பேங்க்காரர்கள் ஒட்டினார்கள்,
பசை வழிந்து நிலைப்படி வரை இறங்கியது;
அதைத் துடைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்,
ஏனென்று தெரியவில்லை.

‘டூரா?’ என்றார் ஏட்டு, தானாகவே.
‘ஆமாங்கய்யா. டூரு.’

உள்ளே ஏறி மெத்தை விளிம்பில் உட்கார்ந்தார்.
மைலேஜ் கேட்டார்.
அடுப்பைத் திருகிப் பார்த்தார்.
ஒழுகும் குழாய்க்கடியில் விரலை நீட்டி
ஒரு சொட்டு விழும்வரை காத்திருந்தார்.
‘ரிட்டயராகி நானும் இப்பிடித்தேன் கெளம்பணும்.
எங்க வீட்டம்மாதேன் வீட்ட விட்டு நகரமாட்டேங்குது.’
நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.
நோட்டில் விலாசத்துக்கு நேரே
வண்டி நம்பரை எழுதிக்கொண்டார்.

இறங்கும்போது குரலைத் தாழ்த்தினார்:
‘இருபதடி முன்ன தள்ளி நிறுத்திக்கங்க.
அங்கிட்டு எங்க ஸ்டேசன் இல்ல.
விடியமுட்டும் யாரும் எழுப்ப மாட்டாங்க.’

பள்ளம் பார்த்துச் சொல்ல நான் இறங்கினேன்.
மிதுனா இருமி, குலுங்கி, கிளம்பியது.
என்னையறியாமல்
வலக்கை முழங்கையிலிருந்து நிமிர்ந்து
கட்டை போலவே மேலே போயிற்று.
பின்சக்கரமும் பலகையைத் தாண்டியது.

கையை இறக்கின பிறகுதான் உறைத்தது,
இந்த வண்டியில் நானும் ஏறணும்.