மிச்சமாய் இரண்டு வாய்

கழனிவாசல் ஷெட்டில் சாக்கைக் கொட்டினேன்.
உடைந்த ஆத்தங்குடிக் கல்லொன்றின் மேல்
ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தேன்.
தேவகோட்டையில் நொறுக்கப் போன வேனிலிருந்து
மதார் கழற்றிய பழைய கேஸ் கிட்.
கழற்றியவன் ஷார்ஜா போய்விட்டான்,
போனை எடுப்பதில்லை.
சாக்கின் மேல் அவன் எழுதியிருந்தது ஒரே சொல்:
முழுசு.

முழுசாம்.

தெரிந்தவற்றை முதலில் ஒதுக்கினேன்.
தொட்டி, அதன் தலையில் வால்வு,
சுருண்டு கிடந்த செம்புக் குழாய்,
ஒரு பக்கம் பெட்ரோல் ஒரு பக்கம் கேஸ் என
நடுவில் எதுவும் ஓடாத சுவிட்ச்.
விளிம்பெல்லாம் துளையிட்ட வளையத்தை உமையாள் எடுத்து
கண்ணருகே வைத்துப் பார்த்தாள்:
"இது என்ன, தேன்குழல் அச்சா?"
மிக்சர் என்றேன்.
"அதுவும் நான் போடுறதுதானே."
பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவள்.
ஆம்னி அவளுடையது. மதுரைக்குப் போகும் பலகாரமும்
மாதத் தவணையும் அவளுடையவை.

மிஞ்சியவை இரண்டு.
ஒன்று சுண்டுவிரல் நீளப் பித்தளை,
நடுவில் ஒரு திருகு. அதை டப்பாவில் போட்டேன்.
இன்னொன்று கனமான அலுமினிய வட்டம்,
சுற்றிலும் எட்டு ஆணி,
எழுத்து தேய்ந்த தகடு,
ஐந்து வாய்.
கேஸ் வரும் வாய் செம்புக் குழாய்க்குப் பொருந்தியது,
போகும் வாயில் கட்டைவிரல் நுழைந்தது,
ஒல்லிக் காம்பு எஞ்சின் மூச்சிழுக்க.
பின்னால் மிச்சம் இரண்டு, ஒரே அளவு,
உள்ளே உப்புப் படிந்த வெள்ளை.
அந்த வெள்ளையை அன்றே பார்த்தேன்.
பார்த்ததோடு சரி.

முனீஸ்வரன் கோயில் தெருவில்
பழம்பொருள் கடைச் சொக்குவிடம் காட்டினேன்.
"பேரு எதுக்குப்பா? வயசு இருந்தா வித்துரலாம்" என்றவர்
ஐந்நூறு தருவதாகச் சொன்னார்.
பர்மாவிலிருந்து கப்பலில் வந்ததென்று
அவர் முகத்தில் அதற்குள் முடிவாகியிருந்தது.

கொடுக்கவில்லை. திரும்பி வந்து
இரண்டு வாயையும் ரப்பர் வைத்து அடைத்தேன்.
தெரியாததை அடைத்துவிடுவது எங்கள் தொழில் வழக்கம்.
ஷாம்பூ நுரை தடவினேன், மூட்டுக்கு மூட்டு.
குமிழ் வரவில்லை.
பத்து அடுப்பு எரிப்பவள் மூக்கை நீட்டி
"வாடையில்லை" என்றாள்.
சாவி போட்டதும் பிடித்தது.

புதுவயல் ரோட்டில் நாலாவது கிலோமீட்டர்,
விக்கி விக்கி நின்றது.
சீட்டைத் தூக்கினேன். முகத்தில் அனல்.
கொதிக்கும் எஞ்சினுக்குப் பக்கத்தில்
அந்த வட்டம் மட்டும் வெள்ளை பூத்திருந்தது.
தொட்டேன், விரல் ஒட்டிக்கொண்டது.
பனி.
மே மாதம், மத்தியானம் ஒரு மணி,
நிழலுக்கு ஒரு கருவேலமும் இல்லாத ரோட்டில்
பனி.

உமையாள் நகத்தால் சுரண்டி
கண்ணிமை இரண்டிலும் வைத்துக்கொண்டாள்.
அப்படியே, கண்ணைத் திறக்காமல்,
"கல்யாண வீட்டுல பெரிய அடுப்பை முழுசாத் தொறந்தா
சிலிண்டரும் இப்படித்தான் வேர்த்து வெறைக்கும்.
அண்டாவுல வெந்நி ஊத்தி
அதுக்குள்ள நிக்க வச்சிருவோம்" என்றாள்.

வெந்நி.

நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.
ஒரு வாயில் ஏறி ஒரு வாயில் இறங்க
ரேடியேட்டர்த் தண்ணீருக்கு வைத்த வழி.
நீராய் வருகிற கேஸ் ஆவியாகச் சூடு தின்னும்,
கொடுக்காவிட்டால் தன்னையே உறைய வைத்துக்கொள்ளும்.
உள்ளே படிந்த உப்பு அதைத்தான் சொல்லியிருக்கிறது.
அதன் மேலேதான் ரப்பர் அடித்திருந்தேன்.

பனி இறங்கட்டும் என்று காத்திருந்தோம்.
சீப்புச்சீடை டின் ஒன்றைப் பிரித்தாள்,
கணக்கில் கழித்துக்கொள்வேன் என்று சொல்லிக்கொண்டே.
பிறகு பெட்ரோலில் உருட்டி வந்து
ஹோஸ் வெட்டி, கிளிப் போட்டு, தண்ணீர் சுற்ற விட்டதில்
பலகாரம் மதுரைக்கு மறுநாள்தான் போனது.
வாங்கியவர் பேசியதை அவள் என்னிடம் சொல்லவில்லை.

பித்தளைத் துண்டு இன்னும் டப்பாவில்தான்.
அது இல்லாமலே வேன் ஓடுகிறது,
மேட்டில் மட்டும் கொஞ்சம் முக்கும்.
போன வாரம் எடுத்துத் துடைத்து
ஒரு முனையில் ஊதிப் பார்த்தேன்.
மறுமுனையில் வந்தது,
கொஞ்சமாக.