குறிப்பு என்ற கட்டம்

பெரம்பூர் ரயில்வே காலனி, ஏழாவது குறுக்குத் தெரு.
மர எண் 88. வகை: தூங்குமூஞ்சி.
சுற்றளவை எழுதுவதற்குள்
டேப் தீர்ந்துவிட்டது.
மீதியைத் துப்பட்டாவால் சுற்றி அளந்தேன்.

மூங்கில் மண்டிக் கிடந்ததால் பெரம்பூர் என்பார்கள்.
என் பட்டியலில் ஒரு மூங்கில்கூட இல்லை.
வேம்பு, புங்கை, மரமல்லி,
அப்புறம் இவை,
ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும்
ஃபிட்டர்கள் வந்து சேர்ந்த மாதிரி
எங்கிருந்தோ கடல் தாண்டி வந்து
யாரையும் கேட்காமல் நிழல் போட்டவை.

பட்டை முழுக்க ஆணி.
தகரப் பலகை ஒன்றை மரம் பாதி தின்றிருக்கிறது.
டைப்ரைட்டிங்கோ தையலோ,
'தரப்படும்' மட்டும் வெளியே.
அதற்கு மேலே, கைக்கு எட்டாத உயரத்தில்
ஒரு இரும்புக் கொக்கி.

"அது எங்கம்மா மாட்னது"
டிவிஎஸ்ஸை நிறுத்திக் காலை ஊன்றிச் சொன்னாள் சுகிர்தா.
கேரியரில் கேன்டீன் பாத்திரம்.
எழுபத்திநாலு ஸ்டிரைக்.
ராத்திரியானால் குவார்ட்டர்ஸ் கதவைப் போலீஸ் தட்டும்.
அப்பா மாசிலாமணி
ஒன்பது ராத்திரி இதன்மேல்.
தூக்குவாளியைக் கயிற்றில் ஏற்றிவிட்டு
காக்காயைத் திட்டுகிற மாதிரி அம்மா கத்துவாளாம்:
"எறங்காத! அங்கியே கெட!
எறங்குன, கால ஒட்ச்சிடுவேன்!"

எதிர்வீட்டு டிக்ரூஸ், கார்டு,
ஸ்டிரைக்கில் சேராமல் டூட்டிக்குப் போனவர்.
போகிற வழியில் வாளிக்குள்
ரெண்டு சிகரெட் போட்டுவிட்டுப் போவாராம்.
அண்ணாந்து பார்த்ததே இல்லையாம்.

எனக்கு ஒன்று உறுத்தியது.
தூங்குமூஞ்சி என்று சும்மாவா பேர்?
பொழுது சாய்ந்தால் இலையெல்லாம் மடங்கிவிடும்,
கிளைக்குக் கிளை வானம் தெரியும்.
ஒளிய இதைவிட மோசமான மரம் கிடையாதே?

சிரித்தாள்.
"நெலா அடிச்சா சட்ட பட்டன்கூடத் தெரியுமாம்.
பீட்டுக்கு வந்த ஏட்டும்
தரையப் பாத்துனே போவாராம்."

சைக்கிள் மணி, சாராய நெடி,
மாதா கோயில் விளக்கு, பாங்கு,
ஒரு தெரு முழுக்க
ஒன்பது ராத்திரி குனிந்தே நடந்திருக்கிறது.

அவள் போய்விட்டாள்.
சாயங்காலச் சங்கு இப்போது ஊதுவதில்லை.
ஆனாலும் மேலே ஒவ்வொன்றாய் மடங்கத் தொடங்கின.
பெயின்ட் டப்பாவைத் திறந்து
கொக்கிக்கு நேர் கீழே எண்ணை எழுதினேன்.

நிலை: நன்று.
குறிப்பு: (ஒரு அங்குல இடம்) கொக்கி ஒன்று.
அகற்றலாமா என்று ஒரு கட்டம்.
அதைப் பார்க்கவே இல்லை நான்.

89. புங்கை.
இளசு. டேப் போதும்.