அயடின்

கண்டி ஆஸ்பத்திரியில்
சுகிர்தாவின் இடுப்பில் பழுப்பாக அயடின் தடவி
எலும்புக்குள் ஊசி இறக்கியபோது
எனக்கு மூணாம் நம்பர் மலை ஞாபகம் வந்தது.
வெளியே சொல்லவில்லை.

கவ்வாத்துக்கு முன்னால்
பென்சில் தடிப்பில் நாலைந்து வேர் வெட்டி
அயடின் சொட்டுவோம்.
கறுத்தால் மாச்சத்து இருக்கிறது, கத்தி போடலாம்.
வெளுத்திருந்தால் பொறுக்கவேண்டும்,
வெட்டினால் செடி எழும்பாது.

என் ஈபிஎப் பணமும் அவள் காப்பும் சேர்ந்து
மஜ்ஜையைக் கடல் தாண்டி அனுப்பின.
பதினாறாம் நாள் காகிதமாகத் திரும்பியது.

டொக்டர் நஸ்ரினா, அக்குறணைக்காரி,
விரலால் வரிகளைத் தொட்டுச் சொன்னார்:
"மரபணு எல்லாக் கலத்திலயும் எழுதித்தான் இருக்கு.
எது பேசுது, எது வாய் மூடி இருக்கு,
அதைத்தான் அளந்திருக்காங்க."

எனக்கு விளங்கியது.
செக்ரோலில் நூற்றிருபது பேர்.
விடியப் பெரட்டுக்கு வந்து நிற்பது யார் யார் என்று பார்த்துத்தான்
அந்திக் கொழுந்தை நான் சொல்வேன்.

இவள் இரத்தத்தில்
வரவேண்டியவர்கள் வரவில்லை.
வரக்கூடாத ஒருத்தன்
இருட்டோடு வந்து நின்று கத்துகிறான்.
இப்படிப் பெரட்டு உள்ளவர்களில்
முதல் மருந்துக்கு இணங்கியவர்
பத்துக்கு மூன்று.

பொகவந்தலாவையில் ஒன்பதாம் வகுப்புக்குக்
கலத்தை வரைந்து காட்டுகிற டீச்சர் அவள்.
காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.
"இந்தக் கணக்கில எத்தனை பேர், டொக்டர்?"
"எழுநூறு சொச்சம்."
"அதில எங்க ஆக்கள்?"
பேனையை மூடினார், திறந்தார்.
"ஒருத்தரும் இல்ல."

சிரித்துவிட்டாள் என் தங்கச்சி.
"அப்ப நாங்க இங்கயும் பதியல."
பிரஜாவுரிமைக் காகிதத்துக்கு வரிசையில் நின்ற வீடுகளில் மட்டும்
இருக்கிற சிரிப்பு.

அதை ஆறுதலாக எடுக்க முடியாது.
எண்ணாதவர்களுக்குப் பத்துக்கு மூன்று
பத்துக்கு ஒன்றாகவும் இருக்கலாம்.
டொக்டர் அதையும் மறைக்கவில்லை.
இன்னொரு மருந்தும் சேர்த்து
வியாழக்கிழமை தொடங்குவோம் என்றார்.

உடுப்பு எடுத்துவர நான் மட்டும் பஸ் ஏறினேன்.
கினிகத்தேனை தாண்ட மழை.
அப்போதுதான் அந்த மலையை முழுதாக நினைத்தேன்.
வேர் வெளுத்திருந்தது.
வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன்.
துரை கேட்கவில்லை, வெட்டினோம்.
பாதிக்கு மேல் பட்டுப்போனது.
மீதிச் செடியின் கொழுந்தை
இன்றைக்கும் நிறுக்கிறேன்.

அவை மட்டும் ஏன் எழும்பின என்று
ஒருத்தரும் தோண்டிப் பார்க்கவில்லை.
நானும்தான்.