மூன்றாவது கவுண்டர்

டுலூத் நகரம். பிப்ரவரி. ஏரி உறைந்துவிட்டது.
மூன்றாவது கவுண்டரில் நான்,
பிற கல்லூரிகளின் பாடங்களை
எங்கள் எடைக்கல்லில் நிறுப்பவன்.

மார்லிஸ் டுவோமினென், வயது நாற்பத்தொன்று,
காலணிப் பனியைத் தட்டிவிட்டு வந்தாள்.
உறையில் அறுபத்திரண்டு கிரெடிட்.
படித்த இடம் ஒரு வணிக வளாகத்தில்,
செருப்புக்கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவே.
இப்போது அங்கே மெத்தை விற்கிறார்கள்.

"அங்கீகாரம் உண்டு," என்றாள், நான் கேட்கும் முன்பே.
"தேசிய அங்கீகாரம்."
விளம்பரத்தில் கேட்ட அதே ஏற்ற இறக்கம்.

எப்படிச் சொல்வது,
எங்கள் கணக்கில் வட்டாரம் பெரியது,
தேசியம் சின்னது என்று?
கடல் இந்த ஏரிக்குள் அடங்கும் என்பதைப் போல.

வட்டாரக்காரர்கள் பத்தாண்டுக்கொருமுறை வந்து
நூல்களை எண்ணுவார்கள், ஆசிரியர்களை எண்ணுவார்கள்,
கழிவறைக் கதவையும் திறந்து பார்ப்பார்கள்.
தேசியக்காரர்களும் வருகிறார்கள், பார்க்கிறார்கள்,
பொய்யர்கள் இல்லை.
ஆனால் அவர்கள் மை எங்கள் தாளில் ஒட்டாது.
செவிலியர் படிப்புக்கோ இன்னொருவர் தனியாக வர வேண்டும்:
கல்லூரியை விட்டுவிட்டு
அந்த ஒரு துறைக்கு மட்டும் நாடி பிடிப்பவர்.

போன வாரம் ஒருவன் முனைவர் பட்டத்தோடு வந்தான்.
பதினோரு நாளில் வாங்கியது. தங்க விளிம்பு.
பட்டம் தந்த கல்லூரிக்கும்
அதை அங்கீகரித்த அமைப்புக்கும் ஒரே தொலைபேசி எண்.
இரண்டு முறை அழைத்தேன்.
ஒரே பெண், இரண்டு குரலில் பேசினாள்.
அன்று சிரிக்க முடிந்தது.

இவள் இரவுப்பணி முடித்து வகுப்புக்குப் போனவள்.
எலும்புக்கூட்டுப் படத்தை
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி மனப்பாடம் செய்தவள்.
மெத்தைக்கடையாகிப் போன கல்லூரிக்காக
இன்னமும் மாதம் இருநூற்றுப் பதினெட்டு டாலர் கட்டுபவள்.

"நான் அங்கே படித்த இதயத்துக்கும்
நான்கு அறைதானே?" என்றாள்.

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்.
இதயத்தைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

பூஜ்யம் எழுத வேண்டிய கட்டத்தின் மேல்
பேனா நின்றது.
இழுப்பறைக்கு அடியிலிருந்து வேறொரு படிவம் எடுத்தேன்:
தேர்வு எழுதிப் பாடத்தை மீட்கலாம்.
உடற்கூறு மட்டும். நான்கு கிரெடிட். தொண்ணூறு டாலர்.

பணப்பையில் எழுபத்து மூன்று இருந்தது.
"மீதி வெள்ளிக்கிழமை?"

கிரெடிட் என்றால் கடன் என்றும் பொருள்.
இரண்டையும் தரும் அதிகாரம் எனக்கில்லை.
என்னிடம் இருப்பது ஒரே முத்திரை,
'பெறப்பட்டது'.
கொஞ்சம் அழுத்தியே குத்தினேன்.