வெனிஸில் மூன்றாம் மாடி

டொங்காட்டில் எங்கள் சமையலறை மேசைமேல்
இரண்டு மாதமாக வெனிஸ் விரிந்து கிடக்கிறது.
மடிப்புகளில் கிழிந்த வரைபடம்,
பறக்காமலிருக்க மேலே ஊறுகாய்ப் போத்தல்.
மஞ்சள் எண்ணெய் வட்டமொன்று
ரியால்டோ பாலத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது.
ஐரோப்பாவில் நான் கட்டிய முதல் கட்டடம்.

யூரோ நேற்று இருபது ராண்டைத் தாண்டியது.
பூபாலன் சில்லறை விடாமல் எழுதுகிறான்:
விமானம் துபாய் வழி,
உம்லாங்கா போய்க் கைரேகை கொடுக்க ஒரு நாள் விடுப்பு,
ஏழு நாளுக்குப் படகுச்சீட்டு.
கொண்டோலா என்று நான் எழுதியதை அடிக்கவில்லை,
எதிரே ஒரு கேள்விக்குறி போட்டான்.
கல்யாணமாகி முப்பத்தோராம் வருடத்தில்
கேள்விக்குறி என்றால் சம்மதம்.

அறை தேடும்போதுதான் தகராறு.
கால்வாய்ப் படியோரம் தரைத்தளம்,
சன்னல் திறந்தால் தண்ணீர், பாதி விலை,
என் முழங்காலுக்கும் அதுதான் நல்லது.
"தரைத்தளம் வேண்டாம்" என்றான்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
அந்த ஏப்ரல் இரவு
எங்கள் கூடத்தில் குளிர்பெட்டி மிதந்து, மெல்லத் திரும்பி,
புறப்படுகிற விருந்தாளிபோல்
வாசலைப் பார்த்து நின்றதை
இரண்டு பேரும்தான் பார்த்தோம்.
மூன்று முறை சாயம் அடித்தும்
சுவரில் இடுப்பளவில் அந்தக் கோடு
மழைநாளில் வெளியே வருகிறது.

அங்கேயும் கடல் சில நாள் சதுக்கத்துக்குள் ஏறுமாம்.
பலகை போட்டு வரிசையாக நடப்பார்களாம்.
"காசு கொடுத்து அதைப் பார்க்கவா?"
ஃபீனிக்ஸிலிருந்து நாத்தனார் குமுதவல்லி.
"ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் நின்றது போதாதா?
ரோமுக்குப் போங்கள், ஏழு குன்றாம், மேடு."

நான் ஓவியங்களைக் குறித்திருந்தேன்,
மூன்று தேவாலயங்கள், கண்ணாடி ஊதும் தீவு,
கைதிகள் கடைசியாய் வெளிச்சம் பார்த்த பாலம்.
அவன் குறித்ததெல்லாம் சின்னச் சின்னச் சதுக்கங்கள்,
யாரும் போகாத மூலைகளில் பென்சில் வட்டம்.
"இங்கே என்ன?"
"கிணறு."
நூலகத்தில் படித்தானாம்:
சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு மிடறு இல்லை.
மழையைக் கல்தரை வழியே மணலில் இறக்கி,
வடித்துக் குடித்தார்களாம் நூற்றாண்டுக்கணக்கில்.
மழை பொய்த்தால் படகில் ஆற்றுநீர் வருமாம்.
இப்போது மூடி போட்டுச் சாத்தியிருக்கிறார்களாம்.
மூடியைப் பார்க்கவா இத்தனை தூரம்
என்று சொல்ல வாயெடுத்தேன்.

வெள்ளம் வடிந்தபோது
எங்கள் நீர்நிலையத்தை உடைத்துவிட்டுத்தான் வடிந்தது.
குழாய்கள் மாதக்கணக்கில் காற்றை இருமின.
ஆலைக்குப் பாகு இழுத்த லாரித் தொட்டியைக் கழுவி
இவன்தான் தெருத்தெருவாகப் போனான்.
முதல் வாரம் தண்ணீர் லேசாக இனித்தது.
வாளி, பெயின்ட் டின், குழந்தை குளிப்பாட்டும் தொட்டி,
கோவில் வாசலில், மசூதி வாசலில்,
ஹம்பனாத்தி மேட்டில்
ஒரே மாதிரி நீண்ட வரிசை.
இரவு இரண்டு மணிக்கு வீடு திரும்பினால்
எங்களுக்கு மட்டும் மிச்சம் இருக்காது.
ஊருக்கெல்லாம் ஊற்றினாயே என்று
வெறும் பானையைத் தூக்கி எறிந்தேன் ஒருநாள்.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எடுத்த வாயை மூடிக்கொண்டு
கண்ணாடித் தீவை அடித்தேன்.
ஒரு நாள் முழுக்கக் கிணறுகளுக்கு.

விண்ணப்பத்தில் கேட்கிறார்கள், பயண நோக்கம் என்ன என்று.
சுற்றுலா என்ற கட்டத்தில் குறியிட்டோம்,
வேறு எந்தக் கட்டமும் பொருந்தவில்லை.
மூன்றாம் மாடி, மின்தூக்கி கிடையாது,
எழுபத்திரண்டு படி.
முழங்காலுக்குப் பட்டை வாங்கியாயிற்று.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை
புதுக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது.
நாய் குமுதவல்லியிடம். எரிவாயு மூடணும். பால் நிறுத்தணும்.
கடைசி வரி அவன் கையெழுத்தில்:
குளியல் தொட்டியை நிரப்பி வைக்கணும்.

ஆளில்லாத வீட்டில், பத்து நாளுக்கு.
எதிரே ஒரு கேள்விக்குறி போட்டேன்.